விளையாட்டும் உழைப்பும்: வீடியோ விளையாட்டு தரும் இன்பம் பற்றிச் சில குறிப்புகள்

வீடியோ விளையாட்டுகள் உழைக்கும் இளைஞரின் ஓய்வுநேரத்தை விழுங்கும் போதைப்பொருள் என்பதே முற்போக்கு விமர்சகர் பலரிடையே நிலவும் கருத்தாகும். மறுபுறத்தில், விளையாடுவோர் 'இது நன்று, இது ஏமாற்றம்' என நுண்ணிய தீர்ப்புகளை வழங்குகின்றனர்; ஆயினும் அவற்றின் அடிப்படையை இரசனை என்னும் ஒரு சொல்லுள் அடக்கிவிடுகின்றனர். உழைத்துக் களைத்து வந்த ஒருவன் உழைப்பையே பெரிதும் ஒத்த ஒரு செயலில் இன்பங் காண்பது எங்ஙனம் என்ற வினாவை இரு சாராருமே எழுப்புவதில்லை.

1984இல் மொஸ்கோவில், சோவியத் விஞ்ஞானக் கழகத்தின் கணினி நிலையத்தில் அலெக்ஸி பஜித்னோவ் ஆக்கிய ரெட்ரிஸை இவ்விடத்து நோக்கலாம். நான்கு சதுரங்களாலான ஏழு வடிவங்கள் மேலிருந்து விழுகின்றன. இடைவெளியின்றி அடுக்கப்பட்ட வரி மறைகின்றது. புறத்தோற்றத்தில் இது தொழிற்சாலையில் நகரும் பட்டியின் முன் நிற்கும் தொழிலாளியின் நிலையே. பொருள்கள் ஓயாது வருகின்றன; வேகம் கூடுகின்றது; இறுதியில் தோல்வி நிச்சயம். எனினும் எதை எங்கு வைப்பது என்ற முடிவு விளையாடுபவனுடையது. அம்முடிவின் பயனும் பிழையும் அக்கணமே அவன் கண்முன் திரும்பி வருகின்றன. உழைப்பின் விளைபொருள் உழைத்தவனுக்கே அந்நியமாய் எதிர்நிற்பதை 1844ஆம் ஆண்டுக் கையெழுத்துப்படிகளில் மார்க்ஸ் விளக்கினார். அந்த இடைவெளி இங்கு, கற்பனையிலேனும், மூடப்படுகின்றது. (தனக்குரிய உரிமைப்பணத்தைப் பெறப் பஜித்னோவ் 1996வரை காத்திருக்க நேர்ந்தது. அந்நியமாதல் படைத்தவனை விட்டுவைக்கவில்லை.)

விளையாட்டு ஒரு பண்டமாதலே ஏமாற்றத்துக்குக் காரணம் என்று கூறுவது எளிது. ஆயின் அது போதாது. 1978இல் ஜப்பானிய ரைற்றோ நிறுவனத்துக்காக ரொமோஹிரோ நிஷிக்காடோ உருவாக்கிய 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' நாணயத்தை விழுங்கும் இயந்திரமாகவே சந்தைக்கு வந்தது. அதில் அணிவகுத்து வரும் 55 எதிரிகளுள் சிலர் வீழ்ந்ததும் எஞ்சியோர் விரைந்து நகர்வர். கணினி வரையவேண்டிய உருவங்கள் குறைந்ததால் தானாக விளைந்த இவ்வேகத்தை நிஷிக்காடோ நீக்காது விட்டார். வெற்றி நெருங்க நெருங்க ஆபத்தும் வளர்கின்ற உருவச் சிறப்பு இவ்வாறு உற்பத்திக் கருவியின் வரையறையிலிருந்தே பிறந்தது. நாணயம் வாசலில் மட்டுமே கேட்கப்பட்டது. உள்ளே சென்றபின் விதி எல்லோருக்கும் ஒன்றே.

அவ்விதியே விலைக்கு வரும்போது நிலைமை அடிப்படையில் மாறுகின்றது. எலெக்ரோனிக் ஆர்ட்ஸ் 2017இல் வெளியிட்ட 'ஸ்ரார் வோர்ஸ் பட்டில்ஃபிரண்ட் II' இதற்குத் தக்க சான்றாகும். உள்ளிருப்பது இன்னதென்று அறியாமலே பெறும் 'லூட் பொக்ஸ்' பெட்டிகள் வீரரின் வலிமையைத் தீர்மானித்தன. டார்த் வேடர் பாத்திரத்தைத் திறக்க 60,000 புள்ளிகள் வேண்டும் என முதலில் வகுக்கப்பட்டது. அதற்கு ஏறத்தாழ 40 மணித்தியால ஆட்டம் தேவை எனக் கணக்கிட்டவர்கள் விளையாடுவோரே. கண்டனம் எழுந்ததும் அத்தொகை 15,000 ஆயிற்று. நான்கில் மூன்று பங்கை ஒரே நாளில் வெட்டியெறிந்தும் ஆட்டம் சிதையவில்லையெனின், அம்மணித்தியாலங்கள் கலைத் தேவையால் விதிக்கப்பட்டவையல்ல என்பது தெளிவு. சலிப்பு இங்கு திட்டமிட்டு உற்பத்தி செய்யப்படுகின்றது. பின்னர் அதிலிருந்து விடுதலை விற்கப்படுகின்றது. 2018இல் பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணைக்குழு பணத்துக்கு விற்கப்படும் இத்தகைய பெட்டிகளைச் சட்டவிரோதச் சூதாட்டம் எனக் கண்டது. அம்முடிவு வரவேற்கத்தக்கதே, எனினும் சட்டம் சூதைக் கண்டதேயன்றி, விளையாட்டினுள் புகுந்த கூலியுழைப்பைக் காணவில்லை.

சலிப்பு யாவும் குறைபாடு என்றும் இதனாற் கொள்ளலாகாது. லூக்கஸ் போப்பின் 'பேப்பர்ஸ், பிளீஸ்' (2013) விளையாடுபவனை ஒரு கற்பனை நாட்டின் எல்லைச் சாவடியில் கடவுச்சீட்டுச் சரிபார்க்கும் எழுத்தனாக இருத்துகின்றது. முத்திரை குத்துவதே தொழில். சரிபார்க்கும் ஆட்களின் தொகைக்கேற்பவே கூலி. தவறுகள் மிகுந்தால் தண்டம். கூலி குறைந்தால் வீட்டில் உணவுக்கோ வெப்பத்துக்கோ வழியில்லை. கணவன் உரிய பத்திரங்களுடன் கடந்து செல்கின்றான். பின்னால் வரும் மனைவியிடம் அனுமதிப் பத்திரமில்லை. வானில் வீழும் வடிவங்களை அடுக்கிய அதே கை இங்கு முத்திரையின் மேல் தயங்கி நிற்கின்றது, வரிசையோ நீண்டுகொண்டிருக்கின்றது.