வாசலில் வந்தவரும் மேடைக்கு வராதவரும்

சில நாடகங்களில் மேடைக்கு வராத ஒருவரே மாந்தர் அனைவரையும் ஆட்டிவைக்கிறார். லொரெய்ன் ஹான்ஸ்பெரியின் ‘எ ரெய்சின் இன் த சன்’ அத்தகைய ஒரு படைப்பு. 1959ஆம் ஆண்டு நியூயார்க் நகரின் பிராட்வேயில் அரங்கேறிய இந்நாடகமே, கறுப்பினப் பெண் ஒருவர் எழுதி அங்கு மேடை கண்ட முதல் நாடகமாகும். இதில் மேடைக்கு வராதவர், வீட்டுக் கடன் வழங்கும் அதிகாரி என்பது நம் எண்ணம்.

சிகாகோ நகரின் தென்பகுதியில், நெருக்கடியான குடியிருப்பொன்றில் யங்கர் குடும்பம் வாழ்கிறது. மறைந்த தந்தையின் ஆயுள் காப்பீட்டுத் தொகையாக 10,000 டாலர் வருகிறது. அதில் 3,500 டாலரை முன்பணமாகத் தந்து, வெள்ளையர் வாழும் பகுதியில் வீடு வாங்குகிறார் தாய் லீனா. எஞ்சிய பணத்தை மகன் வால்டர் கூட்டாளியை நம்பி இழக்கிறான். இதற்கிடையே, புதிய பகுதியின் குடியிருப்போர் சங்கத்திலிருந்து வரும் லிண்ட்னர், குடிவராமலிருந்தால் வீட்டைக் கூடுதல் விலைக்குத் திரும்ப வாங்கிக்கொள்வதாகப் பணிவுடன் கூறுகிறார். ஒரு கணம் தடுமாறும் வால்டர், தன் சிறுமகன் முன்னிலையில் அதை மறுத்துவிடுகிறான்.

லிண்ட்னரின் இனிய சொல்லில் ஒளிந்திருக்கும் வெறுப்பைத் திறனாய்வாளர் பலரும் பாராட்டியுள்ளனர். ஆனால் நம் நெஞ்சில் தைப்பது வேறோர் இடம். கறுப்பினத்தாருக்கென ஒதுக்குப்புறத்தில் கட்டப்படும் வீடுகள் இருமடங்கு விலையாயிருப்பதால்தான் வெள்ளையர் பகுதியில் வாங்கியதாக லீனா சொல்கிறார். வீரம் பேசாத, கணக்குப் பார்த்த தாயின் சொல் அது. ஏன் இருமடங்கு? நாடகம் விடை கூறவில்லை, வரலாறு கூறுகிறது.

1930களில் அமெரிக்க அரசின் கடன் நிறுவனம் நகர வரைபடங்களில் குடியிருப்புகளை நான்கு நிறங்களால் தரம் பிரித்தது. கறுப்பினத்தார் வாழ்ந்த பகுதிகள் பெரும்பாலும் சிவப்பாயின. 1934இல் தோன்றிய கூட்டரசு வீட்டுவசதி நிர்வாகமும் அத்தகைய பகுதிகளின் கடன்களுக்குப் பொறுப்பேற்க மறுத்தது. வங்கிக் கதவு அடைபடவே, இடைத்தரகர்கள் வீடுகளை மலிவாக வாங்கிப் பன்மடங்கு விலையில் தவணைக்கு விற்றனர். கடைசித் தவணை வரை பத்திரம் விற்றவரிடமே இருக்கும். தவணை தவறினால் வீடும் போகும், கட்டிய பணமும் போகும். சிகாகோவின் லாண்டேல் பகுதியில் இவ்வாறு வஞ்சிக்கப்பட்டோர் 1968இல் அணிதிரண்டு போராடினர். அவர்களுக்குத் துணைநின்றவர்களுள் ஜாக் மக்னமாரா என்ற இயேசு சபைத் துறவற மாணவரும் ஒருவர் என்பதை நம் வாசகர்கள் அறிதல் நன்று.

ஆசிரியரின் சொந்த வாழ்வும் இதில் கலந்துள்ளது. 1937இல் அவர் தந்தை, கறுப்பினத்தாருக்கு விற்பதில்லை என்ற உடன்படிக்கை நிலவிய பகுதியில் வீடு வாங்கினார். வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது. 1940இல் அவர் வென்றார். எனினும் உடன்படிக்கையே தவறென்று அத்தீர்ப்பு சொல்லவில்லை. அத்தகைய உடன்படிக்கைகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றலாகாது என்ற தீர்ப்பு 1948இல்தான் வந்தது.

மேடைக்கு வராத அதிகாரியைச் சட்டம் தொட்டது 1968இல். மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஒரு வாரத்தில் கையொப்பமான நியாய வீட்டுவசதிச் சட்டம், விற்பனையில் மட்டுமன்றி வீட்டுக் கடனிலும் இனப் பாகுபாட்டைத் தடை செய்தது. எங்கே கடன் தரப்படுகிறது என்பதை வெளிப்படுத்துமாறு 1975ஆம் ஆண்டுச் சட்டம் வங்கிகளைப் பணித்தது. ஆயினும் வஞ்சம் வடிவம் மாறியது. கறுப்பின, இசுபானிய மரபினர் 2 இலட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் கூடுதல் கட்டணமும் வட்டியும் பெற்றதாக எழுந்த குற்றச்சாட்டில், கண்ட்ரிவைட் நிறுவனத்தின் சார்பில் 33.5 கோடி டாலர் தர 2011இல் உடன்பாடு ஏற்பட்டது. முன்பு கடன் மறுக்கப்பட்டவருக்கு, பின்பு கொடுங்கடன் நீட்டப்பட்டது.

ஆதலால் இந்நாடகத்தின் முடிவை மகிழ்ச்சி முடிவு என்பாரோடு நாம் உடன்படுவதற்கில்லை. யங்கர் குடும்பம் வீடு மாறுகிறது. ஆனால் மீதித் தொகைக்குக் கடன் தந்தவர் யார், வட்டி என்ன என்பதை நாடகம் சொல்லவில்லை. இது குறையா? அன்று. வாசலில் வந்து மறுப்பவனை எதிர்த்து நிற்க வால்டரால் முடிந்தது. மேசைக்கு அப்பால் எழுதுகோலால் மறுப்பவன் யாரென்றே அவன் அறியான். முன்னவனை வெல்ல மனித மாண்பு போதும். பின்னவனை வெல்லச் சட்டமும், அதைக் கண்விழித்துக் காக்கும் மனச்சான்றும் வேண்டும். லிண்ட்னரை வெறுப்பது நமக்கு எளிது. முகம் காட்டாமல் கையொப்பமிடும் அநீதியை அடையாளம் காண்பதே அரிது.