பூதம் செய்தவர் எங்கே? மலிவுச் செலவுப் பேய்ப்படங்களும் அவற்றின் மறுபடைப்புகளும்

பேய், பூதம், மோகினி முதலியன இடம்பெறும் மலிவுச் செலவுத் திரைப்படங்களை ஆராய்ச்சிக்குரிய பொருளாகக் கொள்ளும் வழக்கம் நம்மிடையே இல்லை. மூடநம்பிக்கையை வளர்ப்பன என்று முற்போக்காளரும், கலைத்தரம் அற்றன என்று அழகியல்வாதிகளும் அவற்றை ஒருசேர ஒதுக்கி வந்துள்ளனர். ஈழத்து முற்போக்கு இயக்கம் இந்திய வணிக சஞ்சிகைகளுக்கும் வணிக சினிமாவுக்கும் எதிராகக் குரலெழுப்பியமை வரலாற்றுத் தேவையின் பாற்பட்டதே, அதனை மறுப்பதற்கில்லை. ஆயின், ஒதுக்குதல் விமர்சனம் ஆகிவிடாது. உழைக்கும் மக்கள் எதனைக் கண்டு அஞ்சினர், எதனைக் கண்டு சிரித்தனர் என்பதை அறிய முயலாத விமர்சனம், அம்மக்களின் பெயரால் பேசுவதற்கு எத்துணை உரிமை உடையது என்ற வினா எழவே செய்கிறது.

கண்டியிலிருந்து கட்டுகஸ்தோட்டை வழியாகக் குருநாகல் செல்லும் வீதியிலுள்ள கலகெதர போன்ற சிற்றூர்களை எடுத்துக்கொள்வோம். 1972இல் நிறுவப்பட்ட அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் படங்களின் இறக்குமதியையும் விநியோகத்தையும் தன் கையில் வைத்திருந்தது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. 1979இல் தொலைக்காட்சி வந்தது. 1982இல் ரூபவாஹினி ஒளிபரப்பைத் தொடங்கியது. மத்திய கிழக்கில் உழைத்தவர்களின் வருமானம் வீடியோ டெக்காக உருமாறி ஊருக்கு வந்தது. கூட்டுத்தாபனத்தின் வாசலைத் தாண்டாத படங்கள் நாடாவாக வீட்டுக்குள் நுழைந்தன. டெக்கை வாடகைக்கு எடுத்து, ஒரே முற்றத்தில் பல குடும்பங்கள் கூடி இரவிரவாகப் படம் பார்த்தமை கிராமங்களுக்கும் தோட்ட லயங்களுக்கும் பொதுவான அனுபவம். வெள்ளையுடுத்துக் கைக்குழந்தையோடு இரவில் வழிமறிக்கும் மோகினியின் கதை சிங்களக் கிராமத்தவர்க்கும் தெரிந்தது. மோகினிப் பிசாசு தமிழ் பேசுவோர்க்குப் புதியதன்று. எனவே நாடாவில் வந்த பேய்க்கு இங்கு அறிமுகம் தேவைப்படவில்லை.

அப்பேய்களுள் முதன்மையானவை பி. விட்டலாச்சார்யாவினுடையவை. 1920இல் உடுப்பிப் பகுதியில் பிறந்து, கன்னடத்தில் தொடங்கித் தெலுங்கில் நிலைபெற்று, 1999இல் மறைந்த இவர், சிறு செலவில் மாயாஜாலப் படங்களைத் தொடர்ந்து ஆக்கியவர். 1978இல் வெளிவந்த ‘ஜகன்மோகினி’ தமிழிலும் மொழிமாற்றம் செய்யப்பட்டுப் பெருவெற்றி பெற்றது. அதிகாரமுள்ள ஆணொருவனால் வஞ்சிக்கப்பட்ட பெண் பேயாகித் திரும்பி வருவதே அதன் கதை அச்சு. கமராவை நிறுத்தி மீண்டும் இயக்குதல், ஒரு பிம்பத்தின்மேல் மற்றொன்றைப் பதிதல் என்பனவே இவ்வகைப் படங்களின் தந்திரங்கள். பார்வையாளர் இவற்றை உணராமல் இல்லை. அஞ்சிக்கொண்டே சிரித்தனர், தந்திரத்தைச் செய்த கையையும் கண்டுகொண்டனர்.

விட்டலாச்சார்யாவின் பேய் என்றதும் எவருக்கும் முதலில் நினைவில் எழுவது, விறகுக்குப் பதிலாகத் தன் காலையே அடுப்பில் வைத்து எரித்துச் சமைக்கும் பேய்ப்பெண்ணின் உருவமாகும். இதனை நகைச்சுவை என்று கடந்துவிடலாம். ஆனால், விடியுமுன் எழுந்து, ஈரவிறகை ஊதி எரித்து, ரொட்டி தட்டி வைத்துவிட்டுக் கொழுந்துக்கு ஓடும் தோட்டப் பெண்ணுக்கு அக்காட்சி வெறும் நகைச்சுவையாக இருந்திருக்குமா? அடுத்தவர் பசியாறத் தன்னுடலையே எரிபொருளாக்கும் பெண் என்பது அவள் வாழ்க்கையின் மிகைப்படுத்தப்பட்ட, எனினும் பொய்யல்லாத, வடிவமாகும். வீட்டு வேலைக்கென வந்து சேரும் பெண்ணையே திகிலின் மையமாக்கிய ‘காஞ்சனை’யைப் புதுமைப்பித்தன் எழுதினார், இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குச் சென்றவர்களின் அவலத்தைத் ‘துன்பக் கேணி’யில் எழுதியவரும் அவரே. இரண்டும் ஒரே பேனாவிலிருந்து பிறந்தமை தற்செயல் எனத் தோன்றவில்லை. பிறருடைய உழைப்பில் வாழும் வீட்டிற்கு, அவ்வுழைப்பைத் தருபவரே அறியவொண்ணாத பயமாகத் தோன்றுதல் இயல்பே. ‘மூலதன’த்தில் மார்க்ஸ் மூலதனத்தை உயிருள்ள உழைப்பை உறிஞ்சி வாழும் இரத்தக்காட்டேறிக்கு ஒப்பிட்டமையும் இவ்விடத்து நினைக்கத்தக்கது.

இவ்வகைப் படங்களுக்கு மறுபடைப்பு நேரும்போது நிகழ்வது யாது? இதனைத் தெளிவாகக் காட்டும் உதாரணம் அமெரிக்காவில் உள்ளது. ஜேம்ஸ் நிக்கல்சனும் சாமுவேல் ஆர்க்கொஃபும் 1954இல் தொடங்கிய நிறுவனம், பின்னர் அமெரிக்கன் இன்டர்நஷனல் பிக்சர்ஸ் என்ற பெயரில், இளைஞரைக் குறிவைத்து மிகக் குறைந்த செலவில் பூதப் படங்களை உற்பத்தி செய்தது. முதலில் தலைப்பும் விளம்பரச் சித்திரமும் தயாராகும். அவை விலைபோகும் என்று கண்டபின்னரே கதை எழுதப்படும். பண்டம் பிறக்குமுன் அதன் பெயர் பிறந்துவிடுகிறது. 2001இல், ஆர்க்கொஃபின் மகன் லூ ஆர்க்கொஃபும், புகழ்பெற்ற பூத உருவாக்கக் கலைஞர் ஸ்டான் வின்ஸ்டனும் சேர்ந்து, அந்நிறுவனத்தின் பழைய தலைப்புகள் ஐந்தினை எடுத்துப் புதிய படங்கள் தயாரித்தனர். அவை சினிமாக்ஸ் என்னும் கட்டணத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகிப் பின் நாடாவாகவும் இறுவட்டாகவும் வீடுகளுக்குச் சென்றன. பூதங்கள் விளையாட்டுப் பொம்மைகளாகவும் விற்கப்பட்டன. பெரும்பாலும் தலைப்பு மட்டுமே பழையது, கதை புதியது.

அவற்றுள் ‘ஹவ் டு மேக் எ மொன்ஸ்டர்’ தனித்து நோக்கத்தக்கது. 1958இல் வெளிவந்த மூலப்படத்தில், பல ஆண்டுகளாகப் பூத முகங்களை ஆக்கிவந்த ஒப்பனைக் கலைஞர் ஒருவரை, ஸ்டூடியோவை வாங்கிய புதிய உரிமையாளர்கள் வேலைநீக்கம் செய்கின்றனர். பூதப் படத்துக்கு இனிச் சந்தை இல்லை என்பது அவர்கள் சொல்லும் காரணம். அவர், தாம் ஒப்பனை செய்யும் இளம் நடிகர்களைத் தாம் கலந்த பூச்சினால் வசப்படுத்தி, அவர்களைக்கொண்டே முதலாளிகளைக் கொல்விக்கிறார். படத்தில் அந்த ஸ்டூடியோவின் பெயரும் அமெரிக்கன் இன்டர்நஷனல் என்பதே. போல் பிளெய்ஸ்டெல் என்னும் கலைஞர் அந்நிறுவனத்துக்காக முன்னர் ஆக்கிய முகமூடிகளும், தீயில் முடியும் இறுதிக் காட்சியில் இடம்பெற்றன. பிளெய்ஸ்டெல் தம் மனைவியின் துணையோடு சொற்பச் செலவில் பூத உடைகளைத் தைத்து, அவற்றைத் தாமே அணிந்து நடித்தவர். காலப்போக்கில் அத்தொழிலை விட்டு விலகியவர். தன்னை ஆக்கிய உழைப்பைப் பற்றி இவ்வளவு வெளிப்படையாகப் பேசிய மலிவுப் படம் பிறிதொன்று இருத்தல் அரிது.

2001ஆம் ஆண்டுப் படத்தில் முகமூடிக் கலைஞர் இல்லை. கணினி விளையாட்டு உற்பத்தி செய்யும் நிறுவனமொன்று காட்டப்படுகிறது. மிகப் பயங்கரமான பூதத்தை ஆக்குபவர்க்குப் பத்து லட்சம் டொலர் தரப்படும் என்று நிர்வாகம் அறிவிக்க, ஊழியர் ஒருவரோடொருவர் போட்டியிடுகின்றனர். இயந்திரம் தானே உயிர்பெற்று அவர்களைக் கொல்கிறது. முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையிலிருந்த முரண்பாடு இங்கே தொழிலாளர்க்கிடையிலான போட்டியாக இடம்மாறிவிட்டது. காலம் மாறிவிட்டது, உழைப்பின் வடிவமும் மாறிவிட்டது எனலாம். அஃது உண்மையே, போட்டிப் பரிசினால் ஊழியரைப் பிளவுபடுத்தும் நவதாராள முதலாளித்துவத்தை அப்படம் ஓரளவு இனங்காட்டவும் செய்கிறது. ஆயின் வஞ்சிக்கப்பட்டவரின் கோபம் எங்கே? மூலப்படத்தில் பூதம் ஒரு மனிதனின் நியாயமான சினத்திலிருந்து பிறந்தது. மறுபடைப்பில் அது தொழில்நுட்பக் கோளாறிலிருந்து பிறக்கிறது. முகமூடி செய்பவராகத் தொடங்கிய வின்ஸ்டன் தயாரிப்பாளராக உயர்ந்த நிலையிலேயே முகமூடிக் கலைஞனின் கதை மறைந்தது என்பது வரலாற்றின் முரண்நகை.

‘டே த வேர்ல்ட் என்டட்’ என்னும் படத்தின் கதியும் இதுவே. றொஜர் கோர்மன் 1955இல் இயக்கிய மூலம், அணுப் போருக்குப்பின் ஒரு பள்ளத்தாக்கில் எஞ்சியோரைப் பற்றியது. ஹிரோஷிமா நிகழ்ந்து பத்தாண்டே ஆகியிருந்த உலகின் பொதுப் பயம் அதில் இருந்தது. மறுபடைப்பிலோ அப்பயம் ஒரு சிற்றூர்ச் சிறுவனின் மனக்காயமாகச் சுருங்குகிறது; உலகின் முடிவு உளவியல் சிகிச்சைக்குரிய பிரச்சினை ஆகிறது. முற்றத்தில் கூடிப் பார்த்த நிலை போய், அறைக்குள் தனித்துப் பார்க்கும் நிலை வந்ததற்கும், பொதுப் பயம் தனிப் பயமாகியதற்கும் இடையே உறவுண்டு என்பது எமது கருத்து. நுகர்வின் வடிவம் உள்ளடக்கத்தையும் தன் சாயலில் மாற்றிக்கொள்கிறது.

நம் மொழியின் நிலையைப் பார்ப்போம். 2009இல் என். கே. விஸ்வநாதன் இயக்கத்தில், நமீதா நடிக்க, இளையராஜா இசையமைக்க, ‘ஜகன்மோகினி’ தமிழில் மீண்டும் ஆக்கப்பட்டது. கணினி வரைகலை முன்னே நின்றது. மூலத்திலும் ஜெயமாலினியின் உடல் விற்பனைப் பொருளாகவே வைக்கப்பட்டது என்பதை மறந்து புதிய படத்தை மட்டும் குறைகூறுதல் நேர்மையாகாது. வேறுபாடு பிறிதோரிடத்து உள்ளது. பழைய தந்திரத்தில் அதனைச் செய்தவரின் கை தெரிந்தது. பார்ப்பவர் அதனைக் கண்டு நகைத்துத் தம் பயத்தைத் தாமே ஆண்டனர். கணினிப் பிம்பமும் பல தொழிலாளரின் நீண்டநேர உழைப்பே. ஆனால் அவ்வுழைப்பு பிம்பத்தினுள் புதைந்துவிடுகிறது. பண்டம் தன்னை ஆக்கிய உழைப்பை மறைத்துத் தானே உயிருள்ளதுபோல நிற்கும் என்று மார்க்ஸ் விளக்கிய பண்ட மாயை, பேய்ப்படத்தின் தொழில்நுட்பத்திலேயே நிறைவேறிவிடுகிறது.

இதனாற் பழையனவெல்லாம் முற்போக்கானவை என்று முடிவுகட்டல் தவறு. விட்டலாச்சார்யாவின் உலகில் அநீதிக்கு விடை அம்மன் அருளும் பதிவிரதையின் பொறுமையுமே. வஞ்சித்த ஆண் மன்னிக்கப்பட, வஞ்சிக்கப்பட்டவள் விரட்டப்படுகிறாள். அமெரிக்கப் படத்திலும் கோபங்கொண்ட கலைஞர் கிறுக்கராகத் தீயில் மடிகிறார். எழுப்பிய முரண்பாட்டைத் தீர்க்கவொண்ணாது அடக்கிவிடுதலே இவ்வகையின் இயல்பு. எனினும் அடக்குவதற்காகவேனும் அவை முரண்பாட்டை எழுப்பின; மறுபடைப்புகள் அந்தத் தொல்லையைத் தவிர்த்துவிடுகின்றன. பெயர் மிஞ்சுகிறது, பூதம் மிஞ்சுகிறது; பூதத்தைப் பிறப்பித்த சமூக உறவு மட்டும் மிஞ்சுவதில்லை.

ஆகவே மறுபடைப்பொன்றினை மதிப்பிடும்போது ‘மூலத்தைவிட நன்றாக உள்ளதா?’ என்று கேட்பதினும், ‘மூலத்திலிருந்த யாருடைய கோபம் இங்கு நீக்கப்பட்டது?’ என்று கேட்டலே பொருத்தமாகும். இவ்வினாவுக்கு விடைகாண, நம் ஊர்களில் இப்படங்களைப் பார்த்தவர்களின் நினைவுகளைத் தேடித் தொகுக்கும் பணி இன்றியமையாதது. வீடியோ நாடாக்கள் பூஞ்சணம் பிடித்து அழிந்து வருகின்றன. அவற்றைக் கூடிப் பார்த்த தலைமுறையும் முதுமை எய்திவிட்டது. காலை அடுப்பில் வைத்த பேயைக் கண்டு கொழுந்து பறிக்கும் பெண்கள் என்ன நினைத்தனர் என்பதை அவர்களிடமே கேட்டறியும் வாய்ப்பு இன்னும் சில ஆண்டுகளே இருக்கும். அப்பணியைச் செய்வதற்கு, மலைநாட்டின் நடுவே அமைந்த நமது பல்கலைக்கழகத்தினும் பொருத்தமான இடம் வேறில்லை.