அச்சச் சுவையும் சமண காவியங்களும்

ஜினகாஞ்சி மடத்தாலும் பார்சுவநாதர் ஆலயத்தாலும் தமிழ்ச் சமணரின் தலைமைப் பீடமாக விளங்கும் மேல்சித்தாமூரின் மலருக்குப் பேய்க்கதைகளைப் பற்றி எழுதப் புகுவது அபசாரமென்று சிலர் கருதக்கூடும். ஆனால், கேட்போரை அஞ்சுவிக்கும் கலையின் நுட்பத்தை, அஞ்சாமையையே விரதமாகக் கொண்ட சமணப் புலவரினும் ஆழமாக ஆராய்ந்தவர் தமிழில் இலர் என்பது என் துணிபு.

அணங்கு, விலங்கு, கள்வர், இறைவனாகிய அரசன் என அச்சத்தின் நிலைக்களன் நான்கென்று தொல்காப்பியர் வகுத்தார். நிலைக்களன் வாய்த்த மாத்திரத்தில் அச்சம் பிறந்துவிடுவதில்லை. வரவிருப்பதை எதிர்நோக்கிக் கேட்போர் காத்திருக்கும்படி செய்வதிலேதான் கவியின் திறம் இருக்கிறது. மயானத்தைப் பயங்கரமான பொருள்களால் நிரப்பிக் காட்டுவது ஒரு மரபு. காரைக்கால் அம்மையாரின் திருவாலங்காடும், மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டமும், கலிங்கத்துப்பரணியின் காளிகோயிலும் அம்மரபைச் சேர்ந்தவை. இவற்றுள், சுடுகாட்டை விரிவாகக் காட்டியபின் சார்ங்கலன் என்னும் சிறுவனைத் தனியே அதனுள் நுழையவிட்ட சாத்தனாரே அச்சச் சுவையில் தேர்ந்தவர். சயங்கொண்டாரின் பேய்கள் கூழ் அட்டு உண்ணப் பந்தியில் அமரும்போது நமக்குச் சிரிப்பே வருகிறது. அவரும் அதையே விரும்பினார் போலும்.

பழையனூர் நீலியின் கதையோ முற்றிலும் வேறான நெறியில் செல்வது. கள்ளிக்கொப்பைக் குழந்தையாக இடுப்பில் ஏந்தி, வணிகனைத் தன் கணவனென்று வாதிட்டு நிற்பவள் பேய் என்பது கதை கேட்கும் நமக்குத் தெரியும், வணிகனுக்கும் தெரியும். தீர்ப்புக் கூறவேண்டிய வேளாளர் எழுபதின்மருக்கு மட்டுமே தெரியாது. அவனுக்குக் காவலாயிருந்த வாளை, அதைக் கண்டு அஞ்சுவதாக அவள் நடித்ததை மெய்யென்று நம்பி, அவர்களே வாங்கி வைத்துக்கொண்டு, இருவரையும் ஓரறையில் விடுகிறார்கள். நீதிமான்களின் நல்லெண்ணமே கொலைக்கு வாயில் திறக்கும் அந்தக் கணத்தில் உண்டாகும் நடுக்கத்திற்குக் கோரப்பல்லோ விரிசடையோ வேண்டுவதில்லை. அக்காலத்துக் கதைசொல்லி கேட்போருக்கு வாரி வழங்கிய இந்த அறிவை, 1943-இல் தொகுதியாக வெளிவந்த ‘காஞ்சனை’யில் புதுமைப்பித்தன் வாசகனுக்கு அறவே மறுத்தார், வீட்டில் வந்து தங்கியவள் பெண்ணா, பேயா என்ற ஐயத்தைக் கடைசிவரை தீர்க்காமல் விட்டதே அவருடைய உத்தி.

இந்நீலியையே சமணர் தம் காவியத்துக்கு நாயகியாக்கிக் கொண்டனர். 1936-இல் அ. சக்கரவர்த்தி நயினார், வாமன முனிவரின் சமய திவாகர உரையோடு பதிப்பித்த நீலகேசியில், காளிக்குப் பலியிடுவதைத் தடுத்த முனிசந்திரரை வெருட்டுவதற்கென்றே அவள் அனுப்பப்படுகிறாள். கோர ரூபங்கள் பலிக்கவில்லை. அரசகுமாரியாக வந்த மோகன வேஷமும் பலிக்கவில்லை. முடிவில் அவளே அவருக்குச் சிஷ்யையாகிப் பிற சமயத்தாரோடு வாதம் புரியப் புறப்பட்டு விடுகிறாள். தருக்க நூலாக இதன் பெருமை ஒப்பற்றது. ஆயினும் முனிவர் அசையமாட்டார் என்பதை நாம் முன்னரே ஊகித்துவிடுவதால், கதையென்ற அளவில் பரபரப்பு விரைவில் தணிந்துவிடுகிறது.

அக்குறை யசோதர காவியத்தில் இல்லை. சண்டமாரிக்கு நரபலியிட வாளோங்கிய மாரிதத்தன், பலிக்கு நின்ற அபயருசி, அபயமதி என்னும் இளந்துறவியர் முறுவலிப்பதைக் கண்டு காரணம் வினவ, அவர்கள் தம் முற்பிறவிகளைக் கூறத் தொடங்குகிறார்கள். வாளின்கீழ் இருந்தபடியே ஒரு நெடுங்கதை நடக்கிறது. உயிர்க்கொலைக்கு ஈடாக மாவினால் செய்த கோழியொன்றைப் பலியிட்ட யசோதரனும் அவன் தாயும், பிறவிதோறும் விலங்காகவும் பறவையாகவும் பிறந்து, பெரும்பாலும் தம் உறவினர் கையாலேயே மாய்கின்றனர். தந்தை சுவர்க்கத்தில் சுகித்திருக்க வேண்டுமென்று மகன் சிரார்த்தம் செய்கிறான். அதற்கென நிறுத்தப்பட்ட ஆடாக, அனைத்தையும் உணர்ந்தும் வாய்பேச இயலாமல், அத்தந்தையே நிற்கிறான். தொல்காப்பியரின் நான்கு நிலைக்களன்களுள் எதிலும் அடங்காத அச்சம் இது. தன் கைச்செயலே தன்னைத் தொடர்வதால் உண்டாவது. பிறவிகள் அடுத்தடுத்து அடுக்கப்படும் இடைப்பகுதியில் விறுவிறுப்புச் சற்றுக் குன்றுவதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஐந்தே சருக்கங்களில் முடிந்துவிடும் சிறுகாவியமாதலால், வாள் இன்னும் உறைக்குத் திரும்பவில்லை என்பதை நாம் மறப்பதற்குள் பெயர் தெரியாத அக்கவி நம்மை மீண்டும் பலிபீடத்தின்முன் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறார்.