குணசாலியும் பராக்கிரமசாலியும்

அன்னையர் ஞாயிறன்று நம் பிரசங்க பீடங்களில் நீதிமொழிகள் 31:10-31 பெரிதும் எடுத்தாளப்படுகிறது. வேலைக்குச் செல்லும் பெண்கள் பிள்ளைப்பேற்றைத் தள்ளிப்போடுவதையும், ஒரு பிள்ளையோடு நிறுத்திக்கொள்வதையும் தன்னலம் எனக் கண்டிப்பதற்கும் இப்பகுதியே சான்றாகக் காட்டப்படுகிறது. இவ்விளக்கம் வேதபகுதியோடு பொருந்துவதன்று.

22 வசனங்கள் கொண்ட இப்பாடலில் அப்பெண்ணின் பிள்ளைகள் பெயர் சுட்டிப் பேசப்படுவது 28ஆம் வசனத்தில் மட்டுமே. ஏனையவற்றுள் பல அவளது உழைப்பைக் கூறுகின்றன: வயல் வாங்குகிறாள், திராட்சத்தோட்டம் நாட்டுகிறாள், ஆடை செய்து விற்கிறாள். மேலும், 10ஆம் வசனத்தில் வரும் 'ஹாயில்' என்னும் எபிரெயச் சொல் ஆற்றலையும் வலிமையையும் குறிப்பது. கிதியோனைப் பற்றி அச்சொல் வருமிடத்தில் (நியாயாதிபதிகள் 6:12) நம் பழைய மொழிபெயர்ப்பு 'பராக்கிரமசாலி' என்றது. பெண்ணைப் பற்றி வருமிடத்தில் 'குணசாலி' என்றது.

ரூத் 3:11இலும் அச்சொல்லே உள்ளது. போவாஸ் அவளை அவ்வாறு அழைத்தபோது அவள் பிள்ளையில்லா விதவை. வயலில் கதிர் பொறுக்கிப் பிழைத்தவள். தாய்மையால் பெற்ற பட்டமன்று அது. பின்னர் ஓபேத் பிறந்தபோது, நகோமி அவனை மடியில் வைத்து வளர்த்தாள். அயலகத்துப் பெண்கள் பெயரிட்டனர் (4:16-17).

இன்று குறைந்திருப்பது தாய்மை உணர்வா, நகோமியின் மடி போன்ற துணையா? 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணின் சராசரிப் பிள்ளைப்பேறு 1.8. காரணங்கள் பல, துணையின்மையும் அவற்றுள் ஒன்று என எண்ண இடமுண்டு. 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் 12 வார விடுப்பளித்தது. 2017ஆம் ஆண்டுத் திருத்தம் முதல் இரு பிள்ளைகளுக்கு அதனை 26 வாரங்களாக உயர்த்தியது. எனினும் வீட்டுவேலை செய்வோர்க்கும் விவசாயக் கூலிப் பெண்களுக்கும் நடைமுறையில் அது எட்டவில்லை. விடுப்பு பெற்றவர்க்கும், அது முடிந்தபின் பிள்ளையை யாரிடம் விடுவது என்ற வினா எஞ்சுகிறது.

பிள்ளைக்குத் தாயின் அரவணைப்பு வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் பொறுப்பு முழுவதையும் அவள்மேல் ஏற்றிவிட்டு, அவள் தயங்கினால் குற்றஞ்சாட்டுவது மேய்ப்பர்க்கு அழகன்று. வாரத்தில் ஆறு நாட்கள் பூட்டிக் கிடக்கும் ஞாயிறு பள்ளி அறைகள் குழந்தைக் காப்பகங்கள் ஆகக்கூடாதா? நம் நிறுவனங்களில் பணிபுரியும் தற்காலிக ஆசிரியைக்கும் செவிலிக்கும் சம்பளத்தோடு மகப்பேறு விடுப்பு உண்டா? தந்தையர்க்கு நம் பிரசங்கம் கூறுவது யாது? அடுத்த அன்னையர் ஞாயிறுக்குமுன் இவற்றிற்கு விடை காண்போம்; அதன்பின் நீதிமொழிகளைத் திறப்போம்.