புனைபெயரும் புனைகதையும்

கரர் பெல், எல்லிஸ் பெல், ஆக்டன் பெல். 1846-ஆம் ஆண்டு இலண்டனில் வெளிவந்த ஒரு சிறு கவிதை நூலின் முகப்பிலே காணப்பட்ட பெயர்கள் இவை. அப்படி மூவர் உலகில் இல்லை! இருந்தவர்கள் சார்லட், எமிலி, ஆன் என்ற பிராண்ட்டி குடும்பத்துப் பெண்கள். யார்க்‌ஷயரிலே, ஹாவொர்த் என்னும் ஊரின் பாதிரியார் பெற்ற மக்கள். அத்தை விட்டுச் சென்ற பணத்திலிருந்து 31 பவுனுக்கு மேல் எடுத்துக் கொடுத்துத் தம் கவிதைகளை அச்சேற்றினர். ஓராண்டு சென்றது. விற்ற படிகள் இரண்டு!

எழுத்தாளருக்கு இதைவிட நல்ல கதைப்பொருள் வேறென்ன வேண்டும்? வேண்டாமென்று ஒதுக்கிவிட்டு வேறு கதை தேடினார்களே, அதைத்தான் நாம் இங்கே ஆராய வேண்டியிருக்கிறது.

1946-இல் ஹாலிவுட்டிலிருந்து ‘டிவோஷன்’ என்றொரு படம் வந்தது. அதிலே சார்லட்டும் எமிலியும் ஒரே ஆடவரை எண்ணி உருகுகின்றனர். அவர் ஆர்தர் நிக்கல்ஸ் என்ற உதவிப் பாதிரியார். பிற்காலத்தில் சார்லட்டை மணந்தவர் அவர் என்பது மெய். எமிலி அவரைக் காதலித்தார் என்பது படமெடுத்தோரின் கைச்சரக்கு. பழைய காலத்துப் படம், போகட்டும் என்போமா? 76 ஆண்டுகள் உருண்டோடி, 2022-இல் ‘எமிலி’ வந்தது. இயக்கியவர் பிரான்சிஸ் ஓகானர் என்னும் பெண்மணி. எம்மா மேக்கி எமிலியாக வாழ்ந்தே காட்டுகிறார். மூர் நிலத்துக் காற்றும் மழையும் கண்ணை விட்டு அகலவில்லை. ஆனால் கதை? இங்கும் எமிலிக்கு ஒரு காதலர் கிடைக்கிறார். வில்லியம் வெயிட்மன் என்பது பெயர். தொழில்? உதவிப் பாதிரியார்! மேதைமை பிறக்க வேண்டுமானால் பக்கத்தில் ஒரு பாதிரியார் நின்றாக வேண்டும் போலும்.

காளி நாவிலே எழுதினாள், காளிதாசன் கவி பாடினான் என்று நம் நாட்டிலே கதை சொல்வார்கள். கற்றான், எழுதினான், கிழித்தான், மீண்டும் எழுதினான் என்று சொல்ல அவர்களுக்கு மனம் வராது. இப்படங்களும் அந்தப் புராணத்தின் மறுபதிப்பே. அங்கே காளி, இங்கே காதலன். இருவகைக் கதையிலும் உழைப்புக்கு இடமில்லை.

“கதைதானே, கற்பனைக்கு உரிமை இல்லையா?” என்று கேட்போர் உண்டு. உரிமை தாராளமாக உண்டு. அந்தக் கற்பனை எப்போதும் காதலரின் மறைவிடத்தை நோக்கியே ஓடுவதேன்? பதிப்பாளரின் அலுவலறைப் பக்கம் ஒரு நாளாவது எட்டிப் பார்க்கலாகாதா? ‘எமிலி’ படத்திலே ‘வுதரிங் ஹைட்ஸ்’ நாவல் எமிலியின் சொந்தப் பெயரைத் தாங்கியே வெளிவருகிறது! 1847-இல் வந்த நூலிலே இருந்தது எல்லிஸ் பெல் என்ற பெயர். தன் பெயரை மறைத்தால்தான் நடுநிலையான தீர்ப்புக் கிடைக்கும் என்றொரு பெண் அஞ்சியதுதானே அந்நூலின் வரலாறு! அந்த அச்சத்தை ஒரே காட்சியில் துடைத்தெறிந்துவிட்டார்கள். தங்கை மறைந்த பின்னரே தமக்கை எழுத உட்காருவதாகவும் காட்டுகிறார்கள். உண்மையிலே சார்லட்டின் ‘ஜேன் ஐர்’ இரண்டு மாதம் முன்னதாகவே வெளிவந்துவிட்டது.

அஞ்சியது வீணா? 1836-இல், 20 வயதுச் சார்லட் தம் கவிதைகளை அரசவைக் கவிஞர் இராபர்ட் சதேக்கு அனுப்பினார். திறமை இருக்கிறது என்று ஒப்புக்கொண்ட அப்பெரியவர், இலக்கியம் பெண்ணுக்கு வாழ்க்கைத் தொழிலாக முடியாது என்று அறிவுரை வழங்கினார். மனுவின் குரல் தேம்ஸ் கரையிலும் கேட்கிறதல்லவா? எமிலி, ஆன் இருவரின் நாவல்களையும் ஏற்றுக்கொண்ட பதிப்பாளர் நியூபி, 50 பவுன் முன்பணமாக வாங்கிக்கொண்டு மாதக்கணக்கில் கிடப்பிலே போட்டார். ‘ஜேன் ஐர்’ பரபரப்பாக விற்கத் தொடங்கிய பிறகே அவர் அச்சுப் பொறி சுழன்றது. அதுவும் பிழை மலிந்த அச்சு. 1848 திசம்பரில் ‘குவார்ட்டர்லி ரிவ்யூ’ ஏடு ‘ஜேன் ஐர்’ நாவலைச் சாடியது. எழுதியது பெண்ணாயின், பெண்ணினத்தோடு பழகும் தகுதியை இழந்தவளாகத்தான் இருக்க வேண்டுமாம்! தீர்ப்புரைத்தவர் எலிசபெத் ரிக்பி என்ற பெண்மணி; கட்டுரையில் அவர் பெயரும் இல்லை. அதே திசம்பரில் எமிலி கண் மூடினார்.

கல்லூரியிலே நாம் ஆங்கில இலக்கியம் படித்தபோது சார்லட்டின் ஒருதலைக் காதலைப் பற்றி ஒரு மணி நேரம் பாடம் கேட்டோம். நியூபியின் பெயர் ஒருமுறையும் காதில் விழவில்லை.

இவற்றுக்கிடையே பாராட்டத்தக்கது, சாலி வெயின்ரைட் எழுதி இயக்கி 2016-இல் பி.பி.சி. ஒளிபரப்பிய ‘டு வாக் இன்விசிபிள்’. குடிகாரச் சகோதரன் பிரான்வெலுக்கு அளவுக்கு மீறி இடம் கொடுத்துவிட்டார் என்பது நம் குறை. ஆயினும் அடுப்படியும் கணக்கும் அதிலே இருக்கின்றன. தந்தைக்குப் பார்வை மங்குகிறது, சகோதரன் உதவான், நாளை சோற்றுக்கு என்ன வழி? எழுத்து அந்தக் கேள்வியிலிருந்து பிறக்கிறது. 1848 சூலையில் நடந்ததும் வருகிறது. மூன்று பெல்களும் ஒருவரே என்ற குழப்பத்தை நியூபி கிளப்பிவிட, சார்லட்டும் ஆனும் இரவு இரயிலேறி இலண்டன் செல்கின்றனர். பதிப்பாளர் ஜார்ஜ் ஸ்மித்துக்கு 24 வயது. எதிரே இரண்டு சிற்றுருவப் பெண்கள். கரர் பெல்லுக்கு அவர் எழுதிய கடிதத்தையே சார்லட் அவர் கையில் வைக்கிறார். இது எங்கே கிடைத்தது என்று அவர் திகைக்கிறார்! காதல் வசனம் ஒன்றுகூட இல்லாத இந்தக் காட்சிக்கு, ஈடாக இரு காதற்படங்களிலும் ஒன்று இல்லை.

அவ்விரு படங்களிலும் ஆன் ஓரத்திலே நிற்கிறார். அவருடைய ‘தி டெனன்ட் ஆப் வைல்ட்பெல் ஹால்’ நாவலைப் புரட்டினாலே போதும். குடிகாரக் கணவனைத் துறந்து மகனோடு வெளியேறும் எலன், படம் வரைந்து பிழைக்கிறாள். கணவன் கண்டுபிடித்துவிடாதிருக்க, ஓவியத்தின் மூலையில் பொய்யான முதலெழுத்துகளைப் போடுகிறாள். அன்றைய சட்டப்படி மனைவியின் சம்பாத்தியம் கணவனுக்கே உரியது. 1870-இல்தான் அது மாறியது. இரண்டாம் பதிப்பின் முன்னுரையிலே ஆன், ஒரு நூல் நன்றாயிருந்தால் எழுதியவர் ஆணா பெண்ணா என்ற கேள்வி எதற்கு என்ற கருத்தை எழுதினார், ஆக்டன் பெல் என்று கையொப்பமிட்டு. மறு ஆண்டே இறந்தார். 1850-இல், அந்நாவலை மீண்டும் பதிப்பிக்கத் தேவையில்லை என்று பதிப்பகத்துக்கு எழுதியவர் தமக்கை சார்லட். அந்தக் கடிதத்தை அவர் எழுதிய அறைக்குள் இம்மூன்று படங்களில் ஒன்றும் நுழையவில்லை.