உரிமை என்ற ஒற்றைச் சொல்

பக்கத்துக் காட்டு வழியாகக் கிணற்றுக்குப் போய்வரும் இருவரை எடுத்துக்கொள்வோம். ஒருவருக்குக் கிரயப் பத்திரத்திலேயே வழிநடை பாத்தியம் இருக்கிறது. மற்றவர் காட்டுக்காரர் வாய்வார்த்தையாகச் சொன்ன அனுமதியில் நடக்கிறார். நாளைக்கே வழியில் முள்வேலி போட்டால் முன்னவர் வழக்குப் போட்டு வேலியை எடுக்க வைக்கலாம். பின்னவர் பொதுவாகச் சுற்றிக்கொண்டுதான் போகவேண்டும். அனுமதியின் பேரில் 20 வருடம் நடந்தாலும் அது பாத்தியம் ஆகிவிடாது. 1882ஆம் ஆண்டின் ஈஸ்மென்ட்ஸ் சட்டம் இரண்டையும் தனித்தனியாகவே வரையறுக்கிறது. ஆனால் தமிழில் சட்டம் எழுதும் பலர் இருவருக்கும் 'உரிமை' என்று எழுதிக் கடந்துவிடுகிறார்கள்.

ஆங்கிலச் சட்ட எழுத்திலும் இந்தக் குழப்பம் இருந்தது. அமெரிக்கச் சட்ட அறிஞர் வெஸ்லி ஹோஃபெல்ட் 1913இல் யேல் சட்ட இதழில் அதைப் பிரித்துக் காட்டினார். உரிமை என்ற ஒரே பெயரில் உரிமைக்கோரிக்கை, சுதந்திரம், அதிகாரம், விலக்கு ஆகிய நான்கும் உலவுகின்றன என்றார். அவர் அகராதிப் பொருள் எழுதப் போகவில்லை; எதிரே நிற்பவரின் நிலை என்ன என்று கேட்டார். முன்னவருக்கு எதிரே காட்டுக்காரருக்கு வழிமறிக்காத கடமை உண்டு. பின்னவருக்கு எதிரே அப்படி எதுவும் இல்லை. அவர் நடப்பது அத்துமீறல் ஆகாது, அவ்வளவுதான். இவ்வளவு கூர்மையான சோதனை சட்டவியலில் அரிது என்பேன்.

ஆனால் சொல் தேர்வில் அவர் சறுக்கினார். இன்னொருவரின் அதிகாரத்தால் சட்டநிலை மாறக்கூடியவர் எல்லாருக்கும், அந்த மாற்றம் நன்மையே என்றாலும், 'லையபிலிட்டி' என்று பெயர் வைத்தார். கடன், நஷ்டஈடு என்று அந்தச் சொல்லைப் பழகிய வக்கீலுக்கு அது எப்படி ஒட்டும்? 1936இல் அமெரிக்கச் சட்டக் கழகம் தன் சொத்துச் சட்டத் தொகுப்பில் அவருடைய சொற்களை ஏற்றது. ஆனாலும் அன்றாட வழக்காடலில் அவை வேர்விடவில்லை.

நம்மிடம் சொல்லுக்குப் பஞ்சமே இல்லை. பத்திர எழுத்தர்கள் பாத்தியம், சுவாதீனம், அனுபோகம் என்று பிரித்தே எழுதிவந்தார்கள். வடமொழி வாடை என்று அவற்றை ஒதுக்கி எல்லாவற்றையும் உரிமைக்குள் அடைத்தோம். லைசென்ஸுக்கு வந்த 'உரிமம்' கூட வெறும் அனுமதியைச் சொந்தம்போல ஒலிக்க வைக்கிறது. தூய சொல் வேண்டும் என்பதில் எனக்கும் ஆசைதான். அதற்கு விலையாக வேறுபாட்டைக் கொடுக்க மனம் ஒப்பவில்லை. 'கீழ்புறம் 8 அடி அகலத்தில் ஆள், மாடு, வண்டி போகவர வழிநடை பாத்தியம்' என்று எழுதுகிற பத்திர எழுத்தர் யாருக்கு, எங்கே, எவ்வளவு என்று மூன்றையும் ஒரே வரியில் சொல்லிவிடுகிறார்.