பரிசேயரைத் திரும்பப் படித்தல்: ஈ.பி. சாண்டர்ஸும் அவருக்குப் பின் வந்தவர்களும்

தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ பிரசங்க மேடையிலிருந்து பரிசேயரைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை கேட்பது அரிது. வெளிவேடக்காரர், சட்டத்தின் எழுத்தைப் பிடித்துக்கொண்டு இரக்கத்தைக் கைவிட்டவர் என்ற சித்திரம் ஞாயிறு பள்ளிக் காலத்திலேயே மனத்தில் பதிந்துவிடுகிறது. அது முழுவதும் சுவிசேஷங்களிலிருந்து வந்தது என்றே நம்புகிறோம். சுவிசேஷங்களில் கடுமையான பேச்சு உண்டுதான். ஆனால் அந்தப் பேச்சை ஒரு முழு மதத்தின் இலக்கணமாக விரித்து, அடிக்குறிப்புகளுடன் பாடநூலாக்கியதில் 19ஆம் நூற்றாண்டு ஜெர்மானியப் பல்கலைக்கழகங்களின் பங்கு பெரிது.

ஃபெர்டினாண்ட் வேபர் எழுதி 1880இல் வெளிவந்த நூலில் யூதர்களின் கடவுள் ஒரு கணக்கராக இருக்கிறார். நற்செயல் வரவு, பாவம் செலவு. எந்தப் பக்கம் மிஞ்சுகிறதோ அதன்படி தீர்ப்பு. எமில் ஷூரர் எழுதிய யூத மக்களின் வரலாறு மாபெரும் உழைப்பு. இன்றும் அதைத் தொடாமல் இத்துறையில் நகர முடியாது. ஆனால் சட்டத்தின் கீழ் வாழ்ந்த வாழ்க்கையைச் சொல்லும் பகுதியில் அவர் யூத பக்தியைத் தாங்கமுடியாத சுமையாகவே தீட்டினார். பிறகு 1922 முதல் 1928 வரை பவுல் பில்லர்பெக்கின் தொகுதிகள் வந்தன. புதிய ஏற்பாட்டின் வசனங்களுக்கு அருகே யூத ரபிகளின் சட்ட விவாதத் தொகுப்பான தல்மூதிலிருந்தும் அவர்களின் வேத விளக்கமான மித்ராஷிலிருந்தும் துண்டுகளை வெட்டி வைத்திருந்தார். தல்மூதின் ஒரு பக்கத்தைக்கூட முழுதாகப் படிக்காத போதகரும் பேராசிரியரும் அதைப் படித்துவிட்ட நிறைவை அடைய அந்தத் தொகுதிகள் போதுமாயின.

இதை எதிர்த்து முதலில் தெளிவாகப் பேசியவர்களில் ஹார்வர்டின் ஜார்ஜ் ஃபூட் மூர் முக்கியமானவர். யூதத்தைப் பற்றி எழுதிய கிறிஸ்தவர்கள் பெரும்பாலும் அதைப் புரிந்துகொள்வதற்காக எழுதவில்லை, தங்கள் சமயத்துக்கு வழக்காடவே எழுதினார்கள் என்று 1921ஆம் ஆண்டுக் கட்டுரையில் அவர் காட்டினார். பிறகு மூன்று தொகுதிகளில் தாமே ஆதி ரபிகளின் சமயத்தை விவரித்தார். எல்லோரும் மூரை மேற்கோள் காட்டினார்கள். வேபரின் சித்திரத்தையே தொடர்ந்து கற்பித்தார்கள். ருடால்ஃப் புல்ட்மன் போன்ற புதிய ஏற்பாட்டுப் பேரறிஞரும் இதற்கு விலக்கல்ல.

ஒரு சித்திரம் இப்படிப் பிழையாக நீடித்ததற்கு என்ன விலை என்று கேட்காமல் இத்துறையின் வரலாற்றைச் சொல்லக்கூடாது. புதிய ஏற்பாட்டுக்கான மாபெரும் இறையியல் அகராதியைத் தொகுத்த கெர்ஹார்ட் கிட்டல் 1933இல் நாஜிக் கட்சியில் சேர்ந்தார். 1939இல் ஐசனாக் நகரில் ஜெர்மானியத் திருச்சபை வாழ்விலிருந்து யூதத் தாக்கத்தை ஒழிப்பதற்கென்றே ஓர் ஆய்வு நிறுவனம் தொடங்கப்பட்டது. அதன் கல்விப் பொறுப்பை ஏற்ற வால்டர் கிரண்ட்மன் புதிய ஏற்பாட்டு அறிஞர். இயேசு யூதரே அல்லர் என்று வாதிட்டவர். சூசன்னா ஹெஷெல் 2008இல் வெளியிட்ட நூல் இந்த நிறுவனத்தின் கதையை ஆவணக்காப்பகங்களிலிருந்து மீட்டெடுத்தது. ஒரு மதத்தை அதன் சொந்த நூல்களிலிருந்து அறிந்துகொள்ள மறுத்த கல்விமரபு, அம்மதத்தினர் கொல்லப்பட்டபோது தடுக்கும் திராணி அற்றதாக இருந்தது; அதன் சில பிரதிநிதிகள் கொலைக்கு நியாயமும் எழுதிக் கொடுத்தார்கள்.

போருக்குப் பிந்தைய திருப்பத்தில் கேசா வெர்மெஸின் வாழ்வே ஓர் ஆவணம். 1924இல் ஹங்கேரியின் மாக்கோ நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்து, சிறுவயதில் பெற்றோருடன் கத்தோலிக்கரானவர். அந்த ஞானஸ்நானம் பெற்றோரைக் காப்பாற்றவில்லை. 1944இல் அவர்கள் அழிந்தார்கள். குருவாகிப் பின்னர் குருத்துவத்திலிருந்து விலகி இங்கிலாந்து சென்ற வெர்மெஸ் ஆக்ஸ்ஃபோர்டில் ஆசிரியரானார். சாக்கடல் சுருள்களின் ஆங்கில மொழிபெயர்ப்பை 1962இல் பொதுவாசகர் கைக்குக் கொண்டுவந்தார். 1973இல் 'யூதரான இயேசு' வெளியானது. மழைக்காக வட்டம் வரைந்து நின்று மன்றாடிய ஹோனி, நோயாளிகளுக்காக ஜெபித்த ஹனினா பென் தோசா ஆகியோருக்குப் பக்கத்தில் இயேசுவை நிறுத்தினார். அந்த இருவர் பற்றிய விரிவான கதைகள் மிகப் பிந்தியவை என்ற விமர்சனம் சரியானது. ஆனால் அந்த நூலுக்குப் பிறகு இயேசுவை யூதச் சூழலிலிருந்து பிய்த்தெடுத்து எழுதுவது கடினமாகிவிட்டது. ஷூரரின் வரலாற்றைச் சகாக்களோடு திருத்திப் புதுப்பித்து, அதன் இகழ்ச்சித் தொனியை நீக்கியவரும் இவரே. ஒரு பழைய தவற்றுக்கு இதைவிடக் கண்ணியமான பதில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் கதவைத் திறந்த நூல் ஈ.பி. சாண்டர்ஸினுடையது. 1937இல் டெக்சஸில் பிறந்து, கனடாவின் மெக்மாஸ்டரிலும் பின்னர் ஆக்ஸ்ஃபோர்டிலும் டியூக்கிலும் கற்பித்து, 2022இல் மறைந்த இவர் 1977இல் 'பவுலும் பாலஸ்தீன யூதமும்' என்ற நூலை வெளியிட்டார். தலைப்பில் பவுல் முதலில் வந்தாலும் நூலின் பெரும்பகுதி யூத நூல்களைப் பற்றியது. ஆதி ரபிகளின் தொகுப்புகள், குமரானில் கிடைத்த சாக்கடல் சுருள்கள், பென் சீராக், யூபிலிகள், ஏனோக்கு, சாலமோனின் சங்கீதங்கள் என்று ஏறத்தாழ கி.மு. 200 முதல் கி.பி. 200 வரையானவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு, இரண்டே கேள்விகளைக் கேட்டார். ஒருவர் கடவுளின் மக்களுக்குள் எப்படி வருகிறார்? எப்படி உள்ளே நிலைக்கிறார்?

கிடைத்த பதில் வேபரின் கணக்குப் புத்தகத்தைக் கிழித்துப் போட்டது. இஸ்ரவேலைத் தேர்ந்தது கடவுளின் கிருபை. உடன்படிக்கை முந்தியது, கட்டளைகள் அதற்குள் வாழ்வதற்கான வழி. தவறினால் மனந்திரும்புதல் இருக்கிறது, பலி இருக்கிறது, பாவநிவாரண நாள் இருக்கிறது. கீழ்ப்படிதல் ஒருவரை உள்ளே வைத்திருக்கிறது. அது அவருக்கு நுழைவை வாங்கித் தரவில்லை. உடன்படிக்கைக்கு உட்பட்ட சட்டநெறி என்று இதைச் சொல்லலாம். குமரானின் நன்றிப் பாடல்களைப் படிப்பவர்கள் இதை உடனே உணர்வார்கள். மனிதன் மண், அவனிடம் நீதி இல்லை, அவனை நீதிமானாக்குவது கடவுளின் இரக்கமே என்று அவை திரும்பத்திரும்பச் சொல்கின்றன. ஆசிரியர் பெயரை மறைத்துக் கொடுத்தால் பலர் அவற்றை லூத்தரன் ஞானப்பாட்டு என்றே எண்ணக்கூடும். சாண்டர்ஸ் விதிவிலக்கையும் மறைக்கவில்லை: எருசலேம் ஆலய அழிவுக்குப் பின் எழுந்த நான்காம் எஸ்றா நூலில் இந்த நம்பிக்கை உடைந்து, குறையற்ற சிலரே தப்புவார்கள் என்ற இருள் சூழ்கிறது என்பதை அவரே எடுத்துக்காட்டினார்.

அப்படியானால் பவுல் எதை எதிர்த்தார்? சாண்டர்ஸின் விடை துணிச்சலானது. பவுல் தம் முன்னோரின் சமயத்தில் குறை கண்டு விடை தேடிப் போகவில்லை. கிறிஸ்துவில்தான் மீட்பு என்ற முடிவு முதலில் வந்தது. ஆகவே சட்டத்தால் மீட்பு வர இயலாது என்ற வாதம் பின்னால் வந்தது. 1963இல் கிறிஸ்தர் ஸ்டெண்டால், குற்றவுணர்வில் தவிக்கும் பவுல் மேற்கத்தியரின் மனசாட்சி உருவாக்கிய பவுல் என்று காட்டிய கட்டுரை இதற்கு நிலம் உழுதிருந்தது.

எதிர்ப்பு கிறிஸ்தவர்களிடமிருந்து மட்டும் வரவில்லை. யூத அறிஞர் ஜேக்கப் நியூஸ்னர், கேள்வியே பவுலினுடையது என்று குற்றம் சாட்டினார். ஆதி ரபிகளின் சட்டத் தொகுப்பான மிஷ்னா தசமபாகத்தையும் தீட்டையும் நஷ்டஈட்டையும் பேசுகிறது. எப்படி மீட்கப்படுவது என்பது அதன் மையக் கவலையே அல்ல. நியூஸ்னரின் இந்தக் குறை நியாயமானது என்பது என் கருத்து. சாண்டர்ஸே 1992இல் வெளியிட்ட, கி.மு. 63 முதல் கி.பி. 66 வரையான யூத வாழ்வைப் பற்றிய நூல் இதற்கு ஒருவகையில் பதிலாக அமைந்தது. ஆலயத்துக்கு எப்படிப் போனார்கள், பலிக்கு என்ன செலவானது, ஓய்வுநாளில் என்ன செய்தார்கள், ஆசாரியர்கள் ஊரில் என்ன வேலை பார்த்தார்கள் என்று சாதாரண மக்களின் சமயத்தை அது கட்டியெழுப்புகிறது. பரிசேயர் ஆறாயிரத்துக்குச் சற்று அதிகம் என்று யோசேப்பஸ் தரும் எண்ணிக்கையை நினைவூட்டி, அவர்கள் நாட்டையே ஆட்டிப்படைத்தார்கள் என்ற கற்பனையை அது கலைக்கிறது. புகழ் முந்தைய நூலுக்குத்தான். நான் முதலில் படிக்கச் சொல்வது இதையே.

பவுல் பற்றிய விவாதம் பின்னர் பெருவெள்ளமாயிற்று. பவுல் மறுத்தது விருத்தசேதனம், உணவு விதி, ஓய்வுநாள் போன்ற எல்லைக் குறிகளையே என்று ஜேம்ஸ் டன் 1982இல் வாதிட்டார். கிருபை எல்லா யூத நூல்களிலும் இருக்கிறது, ஆனால் ஒரே வடிவில் இல்லை என்று ஜான் பார்க்லே 2015இல் சாண்டர்ஸைத் திருத்தினார். பவுல் கடைசிவரை யூதத்துக்குள்ளேயே நின்று புறஜாதியாருக்கு எழுதியவர் என்கிறார் பவுலா ஃபிரெட்ரிக்சன். இவற்றுள் பார்க்லேயின் திருத்தம் நிலைக்கும் என்று நினைக்கிறேன்.

இனி, இரண்டு மதங்களும் எப்போது பிரிந்தன என்ற கேள்வி. ஜேம்ஸ் பார்க்ஸ் என்ற ஆங்கிலிக்கன் குரு 1934இல், யூத வெறுப்பின் வேர் திருச்சபைக்கும் ஜெப ஆலயத்துக்கும் இடையிலான மோதலில் இருக்கிறது என்று எழுதினார். மார்செல் சிமோன் 1948இல், எருசலேம் ஆலயம் அழிந்த கி.பி. 70க்குப் பின் யூதம் தன்னுள் சுருங்கிவிட்டது என்ற பழைய கூற்றை மறுத்து, ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை அது திருச்சபைக்கு உயிர்ப்புள்ள போட்டியாக இருந்தது என்று நிறுவினார். 1968இல் லூயிஸ் மார்ட்டின், யோவான் சுவிசேஷத்தின் ஒன்பதாம் அதிகாரத்தில் ஜெப ஆலயத்திலிருந்து விலக்கப்படும் அச்சத்தை, யவ்னே நகர ரபிகள் முதல் நூற்றாண்டின் இறுதியில் சேர்த்ததாகச் சொல்லப்படும் 'மினிம்' (கள்ளப் போதனையாளர்) எதிர்ப்பு மன்றாட்டோடு பொருத்தினார். கிறிஸ்தவரை வெளியேற்ற ஒரு ஜெபம், ஏறத்தாழ ஒரு தேதி: பாடநூல்களுக்கு இது மிகவும் பிடித்துப்போயிற்று. ஆனால் கெய்ரோ ஜெப ஆலயத்தின் பழஞ்சுவடி அறையான கெனிசாவில் கிடைத்த, நசரேயரை (கிறிஸ்தவரை) பெயர் சொல்லும் வாசகம் பல நூற்றாண்டுகள் பிந்திய பிரதிகளில் உள்ளது. 1981இல் ரூவன் கிமெல்மன் இந்தப் பொருத்தத்தின் பலவீனங்களை அடுக்கிக் காட்டிய பிறகு, அந்தத் தேதியை உறுதியாகச் சொல்ல இயலவில்லை.

பிரிவுக்குத் தேதி தேடுகிறவர்கள் அந்தியோகியாவுக்குப் போய்ப் பார்க்கவேண்டும். 386, 387ஆம் ஆண்டுகளில் போதகர் ஜான் கிறிசோஸ்தம் அங்கே யூதப் பழக்கங்களைக் கடைப்பிடிப்பவர்களுக்கு எதிராக எட்டுப் பிரசங்கங்கள் செய்தார். அவற்றின் வசைமொழி சகிக்கமுடியாதது. பிற்காலத்தில் விளைந்த தீமையை நினைத்தால் படிக்கவே மனம் கூசும். ஆனால் அந்த வசைக்குள் எவ்வளவு செய்தி இருக்கிறது! அவர் திட்டுவது தம் சபையாரை. எக்காளப் பண்டிகையைப் பார்க்க அவர்கள் ஜெப ஆலயத்துக்குப் போகிறார்கள். யூதர்களோடு நோன்பிருக்கிறார்கள். புறநகரான தஃப்னேயில் உள்ள ஜெப ஆலயத்தில் இரவு தங்கி நோய்க்குக் குணம் தேடுகிறார்கள். கிறிஸ்தவன் ஒருவன், வழக்கொன்றில் சத்தியம் வாங்குவதற்காக ஒரு கிறிஸ்தவப் பெண்ணை ஜெப ஆலயத்துக்குள் இழுத்துச் செல்கிறான். ஏன் என்று கேட்டபோது, அங்கே செய்யும் சத்தியத்துக்கே பயம் அதிகம் என்று பலர் சொன்னார்களாம். திருச்சபையின் நிசேயா பொதுச்சங்கம் முடிந்து அறுபது ஆண்டுகள் கடந்தபின்னும் ஊர் இப்படி இருந்திருக்கிறது. ராபர்ட் வில்கன் 1983இல் இந்தப் பிரசங்கங்களை அக்காலச் சொற்பொழிவுக் கலையின் பின்னணியில் வைத்து விளக்கினார். வசையின் மிகையை அது புரியவைக்கிறது. ஆனால் போதகர் பதறுவது மக்கள் இரண்டு இடங்களுக்கும் போய்வந்ததால்தான் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

டேனியல் பொயாரின் 2004இல் வெளியிட்ட 'எல்லைக் கோடுகள்' இந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறது. எல்லை இயல்பாக உருவாகவில்லை. கள்ளப் போதனையைப் பட்டியலிட்ட திருச்சபை ஆசிரியர்களும், மினிம் யார் என்று தீர்மானித்த ரபிகளும் இரு புறமிருந்தும் அதைக் கட்டினார்கள் என்பது அவர் வாதம். 404ஐ ஒட்டி ஜெரோம் அகஸ்டினுக்கு எழுதிய கடிதம் இதற்குப் பொருத்தமான சாட்சி. யூதராகவும் கிறிஸ்தவராகவும் இருக்க விரும்பி இரண்டும் இல்லாமல் போனவர்கள் என்று அவர் கீழ்த்திசை ஜெப ஆலயங்களில் இருந்த நசரேயரைத் தள்ளிவிடுகிறார். பொயாரினின் நூலுக்கு முந்தைய ஆண்டில் ஆடம் பெக்கரும் ஆனெட் யோஷிகோ ரீடும் பதிப்பித்த தொகுப்பு, பாதைகள் பிரியவே இல்லை என்ற தலைப்போடு வந்திருந்தது.

பொயாரினின் நுட்பத்தை மதிக்கிறேன். அவர் முடிவு முழுவதையும் ஏற்க முடியவில்லை. எல்லையை மேலிருந்தவர்கள் போட்டார்கள் என்பதாலேயே கீழே வேறுபாடே இல்லை என்றாகிவிடாது. யூப்ரடீஸ் கரையில் தூரா யூரோப்பஸ் என்ற ரோம எல்லைக் காவல் நகரம் 256ஐ ஒட்டிப் பாரசீகச் சசானியரிடம் வீழ்ந்தது. முற்றுகைக்காக மதிலைப் பலப்படுத்தக் கொட்டிய மண்ணுக்குள் ஒரு ஜெப ஆலயமும், வழிபாட்டு இடமாக மாற்றிய கிறிஸ்தவ வீடு ஒன்றும் புதைந்து காப்பாற்றப்பட்டன. ஜெப ஆலயச் சுவர்களில் மோசேயும் எஸ்தரும் எசேக்கியேல் கண்ட எலும்புகளும். கிறிஸ்தவ வீட்டின் ஞானஸ்நான அறையில் நல்ல மேய்ப்பனும் நீர்மேல் நடக்கும் பேதுருவும். ஒரே மதிலை ஒட்டி, ஒரே வேதக் கதைமரபிலிருந்து ஓவியம் தீட்டியவர்கள். ஆனாலும் இரண்டு கட்டடங்கள், இரண்டு கூட்டங்கள். மூன்றாம் நூற்றாண்டிலேயே அந்த ஊரில் யார் எங்கே கூடுவது என்று தெரிந்திருந்தது. அந்தியோகியாவும் தூராவும் ஒன்றையொன்று பொய்யாக்கவில்லை. ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு நிலைமை மாறியது என்பதற்கு இரண்டும் சாட்சிகள். ஆகவே பிரிவைப் பற்றிய எந்தப் பொதுக்கூற்றையும் ஊர்ப்பெயர் இல்லாமல் நான் நம்புவதில்லை.

இத்துறையில் இன்று பேராவலுடன் நான் எதிர்நோக்குவது ரோமப் பேரரசுக்கு வெளியேயான ஆய்வுகளை. நான்காம் நூற்றாண்டுப் பாரசீகத்தில் அப்ராஹத் சிரியாக் மொழியில் எழுதிய விளக்கவுரைகளில் ஓய்வுநாள், விருத்தசேதனம், உணவு விதி எல்லாம் விவாதமாகின்றன. அங்கே கிறிஸ்தவரும் சிறுபான்மை, யூதரும் சிறுபான்மை. பாபிலோனியத் தல்மூதில் இயேசுவைச் சாடும் இடங்கள் துணிச்சலாக இருப்பதற்குக் காரணம் அங்கே கிறிஸ்தவ அரசு இல்லாததே என்று பீட்டர் ஷேஃபர் 2007இல் வாதிட்டார். மிகால் பார்-ஆஷர் சீகல் 2013இல், அதே தல்மூதின் ரபிக் கதைகளைக் கிறிஸ்தவப் பாலைவனத் துறவியரின் கதைகளோடு அடுத்தடுத்து வைத்துப் படித்தார். சிரியாக்கும் பாபிலோனிய அரமேயமும் நெருங்கிய உறவுமொழிகள். இரண்டையும் சரளமாகப் படிக்கும் ஆய்வாளர்கள் இன்னும் சிலரே. சாண்டர்ஸ் குமரானையும் மிஷ்னாவையும் வரிவரியாகப் படித்தாரே, அந்தப் பொறுமையான படிப்பு அப்ராஹத்துக்கும் சிரியாக் கவிஞரான நிசிபிஸின் எஃப்ரேமுக்கும் அவர்கள் காலத்து ரபிகளுக்கும் சேர்த்து நடந்தாகவேண்டும்.